இடப்பக்கத்துக் குரல்

பந்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வலது ஓரத்தில், வேளிமலை தெரிகிற பக்கம், ஒரு கூட்டமே அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. நான் இடது ஓரத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். இடைவேளை முடிந்து விசில் ஊதியதிலிருந்து இப்படித்தான் நிற்கிறேன். முதல் பாதியிலும் இப்படித்தான். யோசித்துப் பார்த்தால் இந்த வருஷம் முழுக்கவே இப்படித்தான் நின்றிருக்கிறேன், லெஃப்ட் அவுட் என்றால் காத்திருக்கிறவன் என்று அர்த்தம் போல. காத்திருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை, அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இன்றைக்கு மட்டும் நிற்க முடியவில்லை. உள்ளங்கால் சுடுகிறது, காரணம் இடைவேளையில் சூசை சொன்னதுதான். சூசை எங்கள் கேப்டன், சென்டர் ஹாஃப். ஆரஞ்சுச் சுளையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பூட்ஸ் கயிற்றை முடிந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பந்து வேணும்னா கூப்பிடணும்லே தாணு. பேரச் சொல்லிக் கூப்பிடணும். ஊமையா நின்னா எவன் தருவான்?" அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கோலி கொர்நேலியின் வாய், மென்றது மென்றபடியே நின்றுவிட்டது. கூப்பிட்டுவிடாதே என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தவனே அவன்தான். மற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார்கள். குடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. பிறகு விசில் ஊதிவிட்டார்கள், கொர்நேலி எழுந்து, என் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுக் கோல் கம்பத்துக்குப் போனான். கூப்பிடு. கூப்பிடாதே. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் இங்கே நிற்கிறேன்.

"என்னவே, ஒமக்கும் ஒம்ம ஆளுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லியா?" என்கிறான் பக்கத்தில் நிற்கிறவன். எதிர் டீமின் ரைட் பேக், என்னைப் பிடிக்கவென்று நிறுத்தப்பட்டவன். சிவனணைஞ்சான் என்று பெயர். அவர்கள் கோலி அணைஞ்சி, அணைஞ்சி என்று விடாமல் கூவுவதால் தெரிந்தது. தாமிரபரணிக் கரைக்காரன், தூண் மாதிரிக் கால், ஆனால் முகத்தில் பகையே இல்லை. "பந்தே வர மாட்டேங்கு. எனக்கும் சோலி இல்ல, ஒமக்கும் சோலி இல்ல. ஒரு எட்டு போயி காப்பி குடிச்சிட்டு வந்துருவமா?" நான் சிரிக்கிறேன். அவன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான். "அது என்னவே, ஒமக்கு மட்டும் சட்டை வேற நெறமா இருக்கு?" "சாயம்," என்கிறேன். "என்னது?" "சாயம் முக்குனது." "கேக்கல வே." கேக்கல. பிறந்ததிலிருந்து என்னிடம் அதிகம் சொல்லப்பட்ட வார்த்தை அதுதான். அம்மாவுக்குத் தலைவலி, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே தலைவலி. அவள் அறைச் சன்னலில் எப்போதும் கம்பளி தொங்கும், கிணற்று வாளிக்கு அப்பா துணி சுற்றி வைத்திருப்பார். உப்புத் தீர்ந்துவிட்டது என்பதும் மாமா செத்துப்போனார் என்பதும் எங்கள் வீட்டில் ஒரே குரலில், காதோடு காதாகச் சொல்லப்படும். கதைகளும் அப்படித்தான் வந்தன, பாயில் படுத்திருக்கும்போது தாத்தாவின் மூச்சுக்காற்றோடு சேர்ந்து. பொழுது இருட்டுகிற நேரம் வெளியே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று பதில் கொடுத்துவிடக் கூடாதாம். மனிதன் என்றால் மூன்றாம் தடவையும் கூப்பிடுவான், மனிதன் அல்லாதது இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளும். அதைக் கேட்டுவிட்டு நான் பயந்தது கூப்பிடுகிறதை நினைத்து இல்லை. என்னை யாராவது வெளியே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டால், என் குரல் மூன்று தடவையும் உள்ளே கேட்காமல் போய்விட்டால், என்னை எதுவென்று நினைப்பார்கள் என்றுதான். தொண்டையைக் கனைத்துப் பார்க்கிறேன். அந்தக் கனைப்பே எனக்கு அதிகச் சத்தமாகத் தெரிகிறது.

வியர்வையில் சாயம் கரைகிறது. கழற்றினால் மார்பு, அக்குள், தோள் எல்லாம் சிவப்பாக இருக்கும், விடுதிக் குழாயடியில் தேய்த்தாலும் முழுதாகப் போகாது, தலையணையில் ஒட்டும். வடசேரியில் ஒருவரிடம் வெள்ளை பனியனைக் கொடுத்து முக்கி வாங்கியது. மற்ற பத்துப் பேரும் பழுத்த மாதுளை நிறம், நான் மட்டும் வெளிறின செங்கல். கல்லூரிக்கு மொத்தமே பதினொரு ஜெர்சிதான். பதினொன்றாவது மாதாதுறைக் கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் இருக்கிறது. செலஸ்தீன் ஜெர்சி. செலஸ்தீன் எனக்கு முன்னால் இந்த இடத்தில் நின்றவன், சூசைக்குச் சின்னம்மை மகன். கடலில் போனவனின் உடம்பு கரைக்கு வரவில்லை. பக்கத்துத் துறைகளுக்கெல்லாம் ஆள் போய்ப் பார்த்தும் வரவில்லை. பெட்டிக்குள் வைக்க ஏதாவது வேண்டும் என்று அவன் வீட்டார் கேட்டபோது எங்கள் எபனேசர் சார் மறுபேச்சில்லாமல் தானே இஸ்திரி போட்டுக் கொண்டுபோனார். டிரில் பீரியடில் ஒரு பந்து தொலைந்தால் பத்து நாள் திட்டுகிற மனுஷன். அந்த ஜெர்சியின் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக மடித்து வைத்திருந்தார்கள், தூங்குகிறவன் மாதிரி. நான் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்கு டீமில் இடமில்லை, பார்க்கப் போனவர்களில் ஒருவன். அடுத்த மாதத் திருப்பலிக்குப் போகும்போது இடம் இருந்தது. செலஸ்தீனின் அப்பா, முதுகு வளையாத மனுஷன், சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்: "அவன் எடத்துல இப்ப யாருலே நிக்கா?" கொர்நேலி என்னை முன்னால் தள்ளினான். அவர் என்னைப் பார்த்தார். "நல்லா சத்தம் குடுப்பியா?" "குடுப்பேன்," என்றேன். அவர் கொர்நேலி பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதான்?" என்றார். துக்க வீடு என்றும் பாராமல் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், துண்டுக்குள் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் சாயம் கழுவும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

அன்றைக்குத்தான் கொர்நேலி என்னை மணலுக்குக் கூட்டிப்போனான். கடலோரத்தில் சின்னப் பயல்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், பொழுது சாய்ந்து பந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் நிறுத்தவில்லை. எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்டேன். "காதாலதான் மக்கா," என்றான். பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் பெயரை, பந்து வேண்டியவன் கூப்பிட வேண்டும். வைத்திருக்கிறவன் ஓ என்பான். ஓ சொல்லிவிட்டால் குரல் வந்த இடத்துக்குப் பந்து வந்துவிடும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் டீமில் நாலு பேர் இந்த மணலில் ஆடி வளர்ந்தவர்கள், அதனால்தான் கல்லூரி மைதானத்தில் பட்டப்பகலிலும் அப்படிக் கத்திக்கொண்டு ஆடினார்கள். சந்தைக்கடை டீம் என்று மற்றக் கல்லூரிக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அந்தச் சந்தைக்கடையைத் தாண்டிப் போக ஒருத்தனாலும் முடியாது. செலஸ்தீன் மணலில் எப்போதும் தண்ணீர் ஓரம் நிற்பவன், அலையின் இரைச்சலுக்கு மேலே கூப்பிட்டுப் பழகினவன், அவன் சூசே என்று கூப்பிட்டால் எங்கள் ரசாயன ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் அதிரும் என்பார்கள். "கடல்லயும் அதே வழக்கம்தான்," என்றான் கொர்நேலி. மழை மூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாவிட்டால் பெயர், ஓ, பெயர், ஓ. அப்படியே கரைக்கு வந்துவிடலாம். அந்தச் சனிக்கிழமை விடியற்காலை, செலஸ்தீன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சூசையும் செலஸ்தீனும், அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான் கட்டுமரத்தில் போனார்கள். ஆடி மாதத்துக் கடல். திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்தில் அலை மரத்தைக் கவிழ்த்துவிட்டது, மழை திரை போட்ட மாதிரி இறங்குகிறது. சூசை கையில் மரம் அகப்பட்டது. இடது பக்கமிருந்து செலஸ்தீன் கூப்பிட்டான். சூசே. இவன் ஓ என்றான். மறுபடி சூசே. ஓ. "அதுக்குப் பொறவு கூப்பிடல்ல," என்றான் கொர்நேலி. "இவன் மட்டும் ஓ, ஓன்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம். கரையில இழுத்துப் போட்ட பொறவும் சொன்னான், நானே கேட்டேன். வாயப் பொத்தித்தான் நிறுத்துனோம்." பயல்களின் பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. அதைத் திருப்பி உதைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "இடது பக்கத்துல நின்னு அவன் பேர மட்டும் கூப்பிட்டுராத, மக்கா. கெஞ்சிக் கேக்கேன்." நான் சரி என்றேன். அதற்காவது என் கேட்காத குரல் பயன்பட்டதே என்று, வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

"அணைஞ்சி! உள்ள வாலே!" என்று அவர்கள் கோலி கத்துகிறான். அணைஞ்சி இரண்டடி உள்ளே போய்விட்டுப் பழையபடி என் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான். பந்து வெளியே போயிருக்கிறது. த்ரோ அவர்களுக்கு. இன்னும் கோல் இல்லை, இரண்டு பக்கமும் இல்லை. சமன் ஆனால் அவர்களுக்குப் போதும், எங்களுக்குப் போதாது. நாங்கள் ஜெயித்தால் சென்னைக்குப் போய் ஆடலாம், ஜெயிக்காவிட்டால் இந்த வருஷம் இங்கேயே, இந்தச் செம்மண்ணிலேயே முடிந்துவிடும். எனக்கு அடுத்த வருஷம் உண்டு. சூசைக்குக் கிடையாது. ஆட்டம் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், கட்டுமரத்தில் ஏற ஆள் இல்லை என்று அவன் அப்பா சொல்லியாகிவிட்டது. அதைத்தான் நான் ராத்திரியும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், சென்னையை இல்லை. ஏனென்றால் சூசை இப்போது யார் கூப்பிட்டாலும் ஓ சொல்வதில்லை. வகுப்பில் பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்கிறான், வாயைத் திறப்பதில்லை, புது வாத்தியார்கள் முதலில் கோபப்பட்டுப் பிறகு யாரோ காதில் சொல்ல விட்டுவிட்டார்கள். விடுதியில் கதவைத் தட்டினால் வந்து திறக்கிறான். மைதானத்தில் அவனை யாரும் கூப்பிடுவதே இல்லை. அவனைக் கூப்பிடாமல் மற்றவனை மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்று ஒருவரையொருவர் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். சந்தைக்கடை பூட்டிவிட்டது. பூட்ஸ் சத்தம், மூச்சுச் சத்தம், தோல் பந்து படுகிற சத்தம், இவ்வளவுதான் இப்போது எங்கள் டீம். பார்க்க வருகிறவர்கள்கூடக் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். எனக்கு இது வீடு மாதிரி இருந்தது, பழகின அமைதி. மற்றவர்களுக்குக் கால் கட்டின மாதிரி. ஓ சொல்லாத ஒருவன் கடலுக்கு எப்படிப் போவான்? மூட்டத்தில் யாராவது அவன் பெயரைக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவன் தனியாக அல்லவா போய்விடுவான்? இவனும் அல்லவா போய்விடுவான்? இதை நான் கொர்நேலியிடம் ஒருநாள் கேட்டேன். கொர்நேலி எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறவன், அன்றைக்குக் கை உறையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். இடைவேளையில் சூசை ஏன் அப்படிச் சொன்னான்? கோல் வேண்டும் என்றா? பந்துக்காகவா? பூட்ஸ் கயிற்றை அவன் இரண்டு தடவை முடிந்தான், முதல் முடிச்சு சரியாகத்தான் இருந்தது, அவிழ்த்து மறுபடி முடிந்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேப்டன் சொன்னது என்று எடுத்துக்கொண்டிருப்பேன். பார்க்காததால்தான் அது ஏதோ கடன் கேட்கிறவன் குரல் மாதிரி, இல்லை, பல்லைப் பிடுங்கிவிடு என்று வாயைத் திறந்து காட்டுகிறவன் மாதிரி இருந்தது. யாராவது அந்த இடத்தில் நின்று கூப்பிட வேண்டும். அந்த இடத்தில் நிற்கிறவன் நான். ஊரில் எத்தனை தொண்டைகள் இருக்கின்றன, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது இந்தத் தொண்டை.

கூப்பிட்டு, அவன் அப்படியே மைதானத்தில் உட்கார்ந்துவிட்டால்? ஓ, ஓ என்று நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்து, எல்லோரும் ஓடிப்போய் வாயைப் பொத்தினால்? அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டால்? கொர்நேலி என்னைப் பார்த்து என்ன சொல்வான்? கேள்விப்பட்டால் செலஸ்தீன் அப்பா மறுபடி துண்டை எடுப்பாரா? வெயில் சாய்ந்து கோல் கம்பத்தின் நிழல் மைதானத்தில் நீளமாகக் கிடக்கிறது. பந்து அந்த ஓரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு நடுவுக்கு வருகிறது. யாரோ உதைத்தது சூசையின் மார்பில் பட்டு, காலுக்கு இறங்கிவிட்டது. சூசை எனக்கு முதுகு காட்டி நிற்கிறான். எங்கள் ஃபார்வர்டுகள் எல்லோரும் வலது பக்கம் சிக்கிக் கிடக்கிறார்கள். இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது, நானும் அணைஞ்சியும் மட்டும். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவன் திரும்பிப் பார்க்காமல் பந்தை இந்தப் பக்கம் விடுவான், அது எனக்கு நாலடி முன்னால், நான் ஒருபோதும் போய்ச் சேராத இடத்துக்குப் போய்க் கோட்டைத் தாண்டி ஓடிவிடும், இன்னும் செலஸ்தீனுக்குத்தான் கொடுக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு விடவில்லை. பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறான். காத்திருக்கிறான். அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் அவனைப் பார்த்து ஓடி வருகிறார்கள். சூசே என்கிறேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான், எனக்கே கேட்கவில்லை. காற்றுத்தான் வந்தது. அம்மா திரும்பிப் படுக்கிறாள், சன்னல் கம்பளி ஆடுகிறது. ஓடி வருகிறவர்களின் பூட்ஸ் சத்தம். மறுபடி, "சூசே". இந்தத் தடவை சத்தம் வந்தது, உடைந்து, ஒரு சின்னப் பையனின் சத்தம் மாதிரி. அவன் முதுகு நடுங்கியதை இங்கிருந்தே பார்த்தேன். திரும்பவில்லை. இரண்டு தடவை. இரண்டு தடவையோடுதான் அங்கே, கடலில், நின்றுபோனது. இரண்டோடு நிறுத்துவது மனிதனில்லை. அதோ கோல் கம்பத்தில் கொர்நேலி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நான் காலை அகட்டி வைத்து, கண்ணை மூடி, வயிற்றிலிருந்து, வயிற்றுக்கும் கீழே எங்கிருந்தோ, வீட்டில் இத்தனை வருஷம் போர்வை போட்டு மூடி வைத்ததையெல்லாம் சேர்த்து இழுத்து,

"சூசே…!"

என்ன சத்தம் அது, என்னுடையதா? மைதானத்தின் ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்குகிறது. தொண்டைக்குள் ஏதோ கிழிந்து சூடாக இறங்குகிறது. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. பிறகு, அங்கிருந்து, முதுகைக் காட்டியபடியே, "ஓ" என்று ஒரு குரல். பல நாளாகத் திறக்காத கதவு திறக்கிற மாதிரி கரகரத்த குரல். பந்து புறப்பட்டுவிட்டது. அவன் திரும்பவில்லை, பார்க்கவில்லை, பந்து தரையோடு வருகிறது, நாலடி முன்னால் இல்லை, செலஸ்தீன் இருந்த இடத்துக்கு இல்லை, நான் இருக்கிற இடத்துக்கு, என் வலது காலுக்கு, நேராக. நிறுத்திவிட்டேன். அணைஞ்சி என் மேல் விழ வருகிறான், பந்தைத் தட்டி அவனைச் சுற்றிப் போகிறேன், முன்னால் வெறும் மண், கோட்டோரமாக ஓடுகிறேன். அப்போதுதான் தெரிகிறது, நான் சும்மா ஓடுகிறேன், சத்தமில்லாமல் ஓடுகிறேன், பின்னால் அவனும் சத்தமில்லாமல் நிற்கிறான். ஓ சொல்லிவிட்டு நிற்கிறான். அடுத்தது வருமா என்று. "சூசே!" என்று கூப்பிடுகிறேன். பின்னாலிருந்து "ஓ!" இன்னும் கிட்டத்தில். ஓடி வருகிறான் போல. "சூசே!" "ஓ!" வலது பக்கமிருந்து யாரோ யார் பெயரையோ கூப்பிடுகிறார்கள், கோல் கம்பத்திலிருந்து கொர்நேலி எங்கள் எல்லோர் பெயரையும் வரிசையாகக் கூவுகிறான், தேவையே இல்லாமல். என்னோடு கூடவே மூச்சிரைக்க ஓடி வருகிற சிவனணைஞ்சான், "எதுக்குவே இப்பக் கத்துதீரு? பந்துதான் ஒம்மகிட்ட இருக்கே!" என்கிறான். ஆமாம், பந்து என்னிடம்தான் இருக்கிறது. கார்னர் கொடி கிட்டத்தில் வந்துவிட்டது, நடுவில் போட வேண்டும், போடப் போகிறேன், அது கோலுக்குள் போகுமோ மேலே போகுமோ தெரியாது. போட்ட பிறகும் கூப்பிடுவேன். விசில் ஊதி எல்லோரும் கலைந்து குழாயடிக்குப் போகும்போதும், அவன் ஓ என்பதைக் காதால் கேட்டுக்கொண்டே கூப்பிடுவேன். இரண்டோடு நிறுத்த மாட்டேன். "சூசே!"